சோதனைக்கு முந்தின நாள்

கோமதிநாயகம் தன் மனைவியை உயிரோடு கடைசியாகப் பார்த்தது ஒரு கார் ஜன்னல் வழியாக.

கார் நின்றுபோயிருந்தது. கரும்பாறை மடத்திலிருந்து டவுனுக்கு இறங்குகிற மலைச்சாலையில், கடைசி வளைவைத் தாண்டியதும் பின்சக்கரம் வெடித்துவிட்டது. டிரைவர் டிக்கியைத் திறந்து மாற்றுச் சக்கரத்தை வெளியே இழுத்துப் போட்டான். அது வெடித்ததைவிட மோசமாக இருந்தது. ரப்பர் தேய்ந்து உள்ளிருந்த நூல் தெரிந்தது. காற்றும் இல்லை.

கூப்பிட்டால் ஆம்புலன்ஸ் வருகிற காலம் அல்ல அது. ஆவுடையம்மாளுக்கு விடியற்காலையில் மூச்சுத் திணறியபோது, மடத்துச் சாமி ஆள் அனுப்பி வரவழைத்த வாடகைக் கார் அது.

ஆவுடையம்மாள் பின்சீட்டில் சாய்ந்திருந்தாள். நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மெயின் ரோட்டுக்கு ஓடிப்போய் ஏதாவது ஒரு வண்டியைப் பிடித்து வருகிறேன் என்று கோமதிநாயகம் ஜன்னலில் குனிந்து சொன்னார்.

அவள் மடியில் இருந்த பாட்டிலை நீட்டினாள்.

“வெயிலா இருக்கு. தண்ணிய எடுத்துட்டுப் போங்க.”

அவர் வாங்கிக்கொண்டு போனார்.

செங்கல் லாரி ஒன்றை மறித்து அதில் ஏறித் திரும்பி வந்தபோது, டிரைவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு காருக்கு வெளியே நின்றிருந்தான்.  

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. வந்த சொந்தங்கள் போய்விட்டார்கள். மடத்தில் வழக்கம்போல அடுப்பு எரிந்தது. அதுவரை அந்த அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவள் ஆவுடையம்மாள். இப்போது வேறு யாரோ பார்த்தார்கள்.

கோமதிநாயகம் சாமியிடம் போனார்.

சாமி அவரைவிடப் பத்து வயது இளையவர். அதிகம் பேசாதவர். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதைவிட, கேட்டவரை எங்கேயாவது அனுப்பிவைப்பதே அவர் வழக்கம்.

“சாமி, அந்தக் காரோட புத்தகத்த வாங்கிப் பாத்தேன். எஃப்.சி. இருக்கு, ஓடத் தகுதியான வண்டின்னு. ரெண்டு மாசத்துக்கு முன்னாடிதான் சோதனைக்குப் போயிருக்கு. தேறியிருக்கு. முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டிருக்கு. தேறின வண்டி எப்படி நின்னுது?”

சாமி பலகையில் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் தன் கைகளையே பார்த்தார்.

“தெரியல, நாயகம்.”

கோமதிநாயகம் நகரவில்லை. மின்வாரியத்தில் மீட்டர் பார்த்துக் கணக்கெடுக்கும் வேலையில் ஓய்வுபெற்றவர் அவர்; ஆபீஸ் ஜீப்பும் ஓட்டிப் பழகியவர். முள் எங்கே நிற்கிறதோ அதை எழுதுவார். எழுதியதை நம்புவார். வீடு வீடாக அட்டையில் எழுதிப்போட்ட எண்ணை ஒருவரும் சந்தேகப்பட்டதில்லை. எழுதியது ஒன்றாகவும் இருப்பது வேறாகவும் இருக்கலாம் என்பது அவருக்குப் பழக்கமில்லாத விஷயம்.

சாமி சொன்னார்.

“மாசானத்துக்கு ஒரு கார் வேணும். பணத்துக்கு ஒருத்தர் ஒத்துக்கிட்டாரு. பழைய வண்டிதான் வாங்க முடியும். நீரு போயி வாங்கிட்டு வாரும். நீரே ஓட்டும்.”

“நானா சாமி?”

“நீருதான கேட்டீரு.”

மாசானம் மடத்துக்கு மேலே உள்ள குடியிருப்பில் இருந்த கொத்தனார். இன்னும் நாற்பது ஆகவில்லை. இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டன. வாரம் இருமுறை டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். விடியற்காலைப் பால்வேனில் கேன்களுக்கு நடுவே குந்திக்கொண்டு போவான். வரும்போது கிடைத்த பஸ்ஸில் ஏறி, அடிவாரத்தில் இறங்கி, தலை சுற்றச் சுற்ற மலையேறுவான். பால்வேன் வராத நாளில் ஆஸ்பத்திரியும் இல்லை. அடுத்த முறைக்குள் கால் வீங்கிவிடும், மூச்சு முட்டும்.

வழியில் நிற்காத ஒரு கார். அவ்வளவுதான் வேண்டியது.

கோமதிநாயகம் வாடகைக்கு ஓடிய கார்களை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்தார். சொந்தக் காரைக் கேட்பார் இல்லை. வாடகைக் காரைப் பழசான பிறகு வருடா வருடம் சோதனைக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும். ஒவ்வொரு சோதனையும் புத்தகத்தில் ஏறும். சரித்திரம் தெரிந்த வண்டியாக வாங்கலாம்.

டவுனில் மைதீன் என்று ஒரு தரகர். பழைய கார்களை வேப்ப மரத்தடியில் வரிசையாக நிறுத்தி வைத்திருப்பார். கோமதிநாயகம் வண்டியைப் பார்க்காமல் புத்தகத்தைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணத்துக்குப் பெண்ணைப் பார்க்காமல் ஜாதகத்தை மட்டும் பார்க்கிறவர்கள் உண்டு, வண்டிக்கு இப்போதுதான் பார்க்கிறேன் என்றார்.

கோமதிநாயகம் சிரிக்கவில்லை. ஒவ்வொரு புத்தகமாகப் புரட்டினார். கடைசியில் ஒரு வெள்ளைக் கார் பிடித்துப்போயிற்று. எல்லா வருடமும் சோதனைக்குப் போயிருந்தது. ஒருமுறைகூடத் தவறவில்லை. வண்டி பதிகிற ஆபீஸுக்கே போய்ப் பழைய பதிவுகளையும் கேட்டுப் பார்த்தார். குறை என்று ஒரு வரி இல்லை.

மடத்துக்கு வந்து சொன்னார்.

சாமி கேட்டுக்கொண்டார்.

“முந்தின நாள் எப்படி இருந்துச்சாம்?”

“எதுக்கு முந்தின நாள் சாமி?”

“சோதனைக்கு.”

கோமதிநாயகத்துக்குப் புரியவில்லை. புத்தகத்தில் அதற்கு இடம் கிடையாது என்றார்.

“கேட்டுட்டு வாரும்.”

மைதீனிடம் போய் அதையே கேட்டார். மைதீன் வெற்றிலையை மென்றுகொண்டே அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வாரும் அண்ணாச்சி என்று கூட்டிக்கொண்டு நடந்தார்.

சோதனை மைதானத்துக்கு எதிரே ஒரு டயர் கடை. கடை வாசலில் ரிம்மோடு சேர்த்து ஐந்து சக்கரங்கள், ஒன்றின்மேல் ஒன்று. புதுசு. பூப்போல வரி படிந்த ரப்பர். பக்கத்தில் தீ அணைக்கும் சிவப்பு உருளை ஒன்று. முதலுதவிப் பெட்டி ஒன்று.

மைதீன் விளக்கினார். சோதனைக்குப் போகிற கார் காலையில் இங்கே வரும். தேய்ந்த சக்கரங்களைக் கழற்றி இங்கே வைக்கும். இந்த ஐந்தையும் மாட்டிக்கொள்ளும். சிவப்பு உருளையையும் பெட்டியையும் வாங்கி உள்ளே வைக்கும். மைதானத்துக்குள் போகும், தேறும், வெளியே வரும். எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் சக்கரத்தை மாட்டிக்கொண்டு போய்விடும். வாடகை ஒரு நாளைக்கு இவ்வளவு என்று. ஆய்வாளர் நேர்மையானவர், யாரிடமும் ஒரு டீகூட வாங்கிக் குடிக்காதவர். பார்த்ததைத்தான் எழுதுவார்.

“பொண்ணு பாக்க வாரவுக முன்னாடி பக்கத்து வீட்டுச் சங்கிலியப் போட்டு உக்கார வைக்கிறதில்லையா? அது மாதிரின்னு வச்சுக்கிடுங்க. அந்தப் பெட்டியில இருக்க பஞ்சு என் மக பொறக்கிறதுக்கு முன்னாடி வாங்கினது. இன்னும் பிரிக்கல.”

“அந்த வெள்ளைக் காரும் இதப் போட்டுத்தானா?”

“இந்த ஊருல எது போடல அண்ணாச்சி?”

கோமதிநாயகம் கடைக்காரரிடம் ஒரு கார் எண்ணைச் சொன்னார். ஆவுடையம்மாளை ஏற்றிப்போன காரின் எண். அதுவும் இங்கே வந்ததா என்று கேட்டார். கடைக்காரர் யோசித்துப் பார்த்தார். தினமும் எத்தனையோ வருகிறது, எதை ஞாபகம் வைப்பது என்றார். பொய் சொல்வதாகத் தெரியவில்லை.

கோமதிநாயகம் அந்தச் சக்கரங்களின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். மேலே இருந்த சக்கரத்தின்மீது கையை வைத்தார். ரப்பர் குளிர்ச்சியாக இருந்தது. ஒரு கீறல் இல்லை. அந்தச் சக்கரங்கள் ஒருநாளும் மலை ஏறியதில்லை. ஒரு நோயாளியைச் சுமந்ததில்லை. சாலையைக் குறுக்கே கடந்து மைதானத்துக்குப் போவதும் வருவதும்தான் அவை ஓடிய தூரம். வருடம் முழுக்க அவைதான் தேறிக்கொண்டிருந்தன.

மைதீன் பேச்சை நிறுத்திவிட்டு, கடைக்குள் போய் ஒரு சோடா வாங்கிவந்து அவர் கையில் கொடுத்தார்.

அதற்குப் பிறகு கோமதிநாயகம் வேறு ஆளாகிவிட்டார்.

ஒவ்வொரு காராகப் போய்ப் பார்த்தார். இப்போது புத்தகத்தைப் பிரிக்கவே இல்லை. அடியில் படுத்துப் பார்த்தார். சீட்டுத் துணியைத் தூக்கிப் பார்த்தார். சோதனைக்கு முந்தின நாள் என்ன செய்தாய், மறுநாள் என்ன செய்தாய் என்று உரிமையாளரைக் குடைந்தார். ஒருவர் மழுப்புவார். ஒருவர் கோபப்படுவார். ஒருவர் சத்தியம் செய்வார். சத்தியம் செய்தவரின் காரில் பிரேக் விளக்கு எரியவில்லை.

தூரத்தில் இவர் வருவதைக் கண்டால் விற்கிறவர்கள் வண்டியை மூடிவிட்டுப் போனார்கள். மைதீன்கூட ஒருநாள் சலித்துக்கொண்டார். அண்ணாச்சி வண்டி பார்க்க வரவில்லை, வஞ்சம் தீர்க்க வருகிறார் என்றார்.

மழைக்காலம் வந்தது. பால்வேன் சில நாள் மலை ஏறவில்லை.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. அமாவாசையன்று காலையில் சீடர்கள் ஒவ்வொருவராகச் சாமிக்கு எதிரே போய் உட்கார்ந்து, தன் மனம் அந்த மாதம் எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். சொல்லும் நாள் என்பார்கள். சாமி பெரும்பாலும் தலையை மட்டும் அசைப்பார்.

சொல்லும் நாளுக்கு முந்தின இரவே கோமதிநாயகம் வேட்டியைத் துவைத்துக் காயப்போடுவார். விடியுமுன் ஓடையில் முழுகுவார். நீறு பூசி, கண்ணை மூடி நெடுநேரம் இருப்பார். மூச்சு சீரான பிறகுதான் எழுந்து போவார்.

ஆவுடையம்மாள் போன பிறகு வந்த ஒவ்வொரு அமாவாசையிலும் அவர் சொன்னது ஒன்றுதான்.

“அமைதியா இருக்கு சாமி.”

சாமி தலையசைப்பார். அவர் எழுந்து வந்துவிடுவார்.

மற்றச் சீடர்கள் அவரைப் பார்த்து வியந்தார்கள். இப்படி ஒரு இழவுக்குப் பிறகும் ஆடாமல் அசையாமல் இருக்கிறாரே என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அது அவர் காதுக்கும் வந்தது.

மழை விட்ட ஒரு நாள் விடியற்காலையில் அவர் சாமியிடம் போய், உலகத்தில் நல்ல வண்டி என்று ஒன்று கிடையாது, என்னால் முடியாது, வேறு ஆளை அனுப்புங்கள் என்றார்.

சாமி எழுந்தார்.

“மாசானத்துக்கு இன்னைக்கு ஆஸ்பத்திரி நாள். வாரும், ஏத்தி விடுவோம்.”

இருவரும் மேலே போனார்கள். மாசானம் குடிசை வாசலில் தயாராக உட்கார்ந்திருந்தான். முகம் ஊதியிருந்தது. போன முறை பால்வேன் வராததால் போகவில்லை. அவன் மனைவி ஒரு பையில் சோறும் துண்டும் வைத்துக்கொண்டு நின்றாள். சாமி ஒரு பக்கம் தாங்கினார். கோமதிநாயகம் மறுபக்கம் போய் இடது முழங்கையைப் பிடித்தார்.

மாசானம் சட்டென்று கையை இழுத்துக்கொண்டான்.

“அதப் பிடிக்காதீய அண்ணாச்சி. அதுலதான் இஞ்சின் ஓடுது.”

ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்த இடம் அது. தொட்டுப் பாருங்கள் என்று அவனே அவர் விரலை எடுத்து மெதுவாக அதன்மேல் வைத்தான். தோலுக்கு அடியில் ஏதோ ஓயாமல் அதிர்ந்தது. கட்டிவைத்த வண்டு ரீங்கரிப்பதுபோல இருந்தது.

“ஓடுது பாத்தீயளா? பாடிதான் கண்டம், தேறாது.”

அவன் சிரித்தான். மனைவி சிரிக்கவில்லை.

பால்வேன் வந்தது. கேன்களை நகர்த்தி இடம் செய்து அவனை உட்கார வைத்தார்கள். வேன் வளைவில் மறைந்தது. கோமதிநாயகம் தன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சாமி கேட்டார்.

“நீரு நல்ல வண்டியவா தேடுதீரு?”

“பின்ன என்னத்தத் தேட சாமி?”

சாமி மடத்தை நோக்கி இறங்கினார்.

கோமதிநாயகம் மடத்துக்குப் போகவில்லை. அப்படியே அடிவாரம் இறங்கி, பஸ் பிடித்து மைதீனிடம் போனார். இதுவரை காட்டாத கார் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். யாரும் வாங்க மாட்டார்கள் என்று நீங்களே ஒதுக்கி வைத்தது எதுவாக இருந்தாலும் சரி என்றார்.

மைதீன் யோசித்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்தது.

“ஒண்ணு இருக்கு. தவறித் தவறியே பேர் வாங்கின வண்டி. அந்த ஜெபமணியம்மா சோதனைக்கு வாராகன்னா ஆய்வாளர் முன்னாடியே சாப்பிட்டுட்டு வந்துருவாரு. அம்புட்டு நேரம் ஆகும், குறைய எழுதி முடிக்க. என்கிட்ட விக்கக் கொடுத்தாக. நான்தான் வேண்டாம்னுட்டேன். இந்தப் புத்தகத்த யாருட்ட காட்ட?”

ஜெபமணியின் வீடு டவுனுக்குத் தெற்கே, ஒரு தேவாலயத்துக்குப் பின்னால் இருந்தது. ஐம்பதைக் கடந்த அம்மாள். கணவர் வாடகைக் கார் ஓட்டியவர். அவர் இறந்ததும் காரை விற்காமல் தானே ஓட்டக் கற்றுக்கொண்டு, சுற்றுவட்டாரப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டு வந்துகொண்டிருந்தார். கார் முற்றத்தில் நின்றது. சாம்பல் நிறம். பல இடத்தில் வேறு வேறு சாம்பல்.

கோமதிநாயகம் தன் வழக்கமான கேள்வியைக் கேட்குமுன் அந்த அம்மாளே ஆரம்பித்துவிட்டார். இரண்டாவது கியர் விழும்போது சத்தம் வரும். வலதுபக்க விளக்கு குழியில் இறங்கினால் அணையும், தட்டினால் எரியும். தண்ணீர் வாரம் ஒருமுறை ஊற்ற வேண்டும். மழையில் பின்பக்கம் ஒழுகும், பையைக் கீழே வைக்கக் கூடாது. இடது பின்கதவை உள்ளேயிருந்து திறக்க வராது. இன்னும் என்னென்னவோ சொல்லிக்கொண்டே போனார். விற்க வந்தவர் பேசுவதுபோல இல்லை. பெற்ற பிள்ளையை விடுதியில் விட்டுவிட்டு வருகிற தாய், வார்டனிடம் சொல்வதுபோல இருந்தது.

கோமதிநாயகம் கேட்டார்.

“சோதனைக்குப் போறப்ப நீங்க அந்த டயர் கடைக்குப் போறதில்லையாம்மா?”

“முத வருசம் கூட்டிட்டுப் போனாங்க. மாட்டச் சொன்னாங்க. நான் கேட்டேன், இத மாட்டிட்டுப் போனா அவரு என் வண்டியவா பாக்காரு, ஒங்க டயரயா பாக்காருன்னு. எனக்கு என்ன கோளாறுன்னு தெரியணும்லா? நான் பச்சப் பிள்ளைகள ஏத்துதேன். இருக்கபடியே கொண்டு போயி நிறுத்துவேன். எழுதுவாரு. சரி பண்ணிட்டு மறுபடி போவேன். மறுபடி எழுதுவாரு.”

“அசிங்கமா இருக்காதாம்மா, எல்லாரும் தேறிட்டுப் போகையில?”

அந்த அம்மாள் முற்றத்தில் உதிர்ந்து கிடந்த முருங்கைப்பூவைக் காலால் ஒதுக்கினார்.

“தேறலன்னா வீட்டுக்குத் திரும்பி வாரோம் அண்ணாச்சி. தேறிட்டு நடுரோட்டுல நின்னா?”

கோமதிநாயகம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கார் ஜன்னலில் கையை ஊன்றி நின்றார். அந்த அம்மாளுக்கு எதுவும் தெரியாது. இவர் மடத்துக்கு ஒரு கார் வேண்டும் என்று வந்தவர், அவ்வளவுதான். என்றாலும் ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டோம் என்று அந்த அம்மாளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். உள்ளே போய் மோர் எடுத்து வந்தார்.

மோரைக் குடித்த பிறகு கோமதிநாயகம், இவ்வளவு பார்த்துப் பார்த்து வைத்திருக்கிற வண்டியை ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டார்.

“போன மாசம் கண்ணு காட்டப் போனேன். நானும் தேறல.”

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். மருந்து போட்டால் சரியாகிவிடுமா என்று கோமதிநாயகம் கேட்டதற்கு, இனிமேல் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், பிள்ளைகளை வேறு வேனில் ஏற்பாடு செய்துவிட்டேன் என்றார். சாவியைக் கோமதிநாயகத்தின் உள்ளங்கையில் வைத்தார். பிறகு கொஞ்சம் நில்லுங்கள் என்று சொல்லிவிட்டு, துணியை நனைத்துக் கொண்டுவந்து முன்கண்ணாடியைத் துடைத்தார். அழுக்கு எங்கே இருக்கிறது என்று அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். கோமதிநாயகம் முடியும்வரை காத்து நின்றார்.

அடுத்த சில நாட்கள் பேர் மாற்றும் வேலையில் டவுனிலேயே போயின. இரண்டாவது கியரை ஒரு பட்டறையில் காட்டினார். நான்கு சக்கரத்துக்கும் டயர் வாங்கிப் போட்டார். மாற்றுச் சக்கரத்துக்கும் போட்டார். ராத்திரி காருக்குள்ளேயே படுத்தார். ஒழுகியது.

அவர் காலையில் மலையேறிய அந்த நாள் அமாவாசை.

பேர் மாற்ற அலைந்ததில் நாள் மறந்துவிட்டது. மடத்து வாசலில் காரை நிறுத்தியபோதுதான், சாமியின் அறை வாசலில் சீடர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பதைக் கண்டார். குளிக்கவில்லை. வேட்டியில் கிரீஸ். தாடி முளைத்திருந்தது. ஓடைக்குப் போய் வரலாம். நேரம் இருந்தது. ஓடையை நோக்கி நாலைந்து அடி நடக்கவும் செய்தார்.

அப்புறம் நின்றார்.

திரும்பி வந்து வரிசையின் கடைசியில் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவர் கிரீஸ் நாற்றத்தில் சற்று நகர்ந்துகொண்டார்.

அவர் முறை வந்தது. உள்ளே போய் சாமிக்கு எதிரே உட்கார்ந்தார். கண்ணை மூடவில்லை.

“கார் வந்துருச்சு சாமி.”

“சத்தம் கேட்டுச்சு.”

“ரெண்டாவது கியர் இன்னும் சரியாகல.”

சாமி தலையசைத்தார்.

கோமதிநாயகம் வாயைத் திறந்தார். எப்போதும் சொல்கிற சொல் வரவில்லை.

“சாமி, எனக்கு உங்க மேல கோவம்.”

வெளியே பேச்சுக்குரல் அடங்கிப்போயிற்று.

“சொல்லும்.”

“அன்னைக்கு அவ பால்வேன்லயே போயிருவோம்னா. நீங்கதான் வேண்டாம்னீங்க. ஆள் அனுப்பி அந்தக் காரை வரவழைச்சீங்க. நல்ல வண்டி, நம்பிப் போங்கன்னு எங்கிட்டச் சொன்னீங்க. பால்வேன் நிக்கல சாமி. அன்னைக்கு அது நேரா டவுனுக்குப் போயிருக்கு. நான் விசாரிச்சேன். அதுல போயிருந்தா அவ ஆஸ்பத்திரி வாசலையாவது பாத்திருப்பா. இத நெனைக்காம நான் ஒரு ராத்திரி தூங்கல. உங்க முன்னாடி வந்து உக்காந்து அமைதியா இருக்குன்னு சொல்லிட்டுப் போயிக்கிட்டு இருந்தேன்.”

கண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

“நல்ல வண்டின்னு உங்களுக்கு எப்படித் தெரியும் சாமி?”

சாமி தன் கைகளைப் பார்த்தார்.

“கேட்டேன். எஃப்.சி. இருக்குன்னான் அந்த டிரைவர் பையன். நம்பினேன்.”

ஓடைச் சத்தம் கேட்டது. அடுப்படியில் யாரோ பாத்திரத்தைக் கீழே வைத்தார்கள்.

சாமி மறுபடி பேசினார்.

“ஒவ்வொரு அமாவாசையும் நீரு வந்து உக்காரும்போது, இன்னைக்குக் கேட்டுருவீருன்னு நெனைப்பேன். கேக்க மாட்டீரு. எழுந்து போயிருவீரு. எனக்கு அது ஆறுதலாவும் இருக்கும்.”

கோமதிநாயகம் நிமிர்ந்து பார்த்தார்.

“நீங்க ஏன் சாமி சொல்லல?”

“நீங்க எல்லாரும் எங்கிட்டச் சொல்லுதீய. நான் போயி உக்கார எனக்கு ஒரு இடம் இல்ல, நாயகம்.”

சாமி பலகையிலிருந்து இறங்கினார். மடத்தில் அவர் தரையில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. கிரீஸ் படிந்த அந்த வேட்டிக்கு எதிரே, சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பலகை காலியாகக் கிடந்தது. இருவரில் யாரும் அதன்மேல் ஏறவில்லை.

கோமதிநாயகம் கொஞ்சம் யோசித்தார். பிறகு முதல்முறையாகத் தன்னைவிட இளையவரிடம் பேசுவதுபோலப் பேசினார்.

“சொல்லும்.”

சாமி சொன்னார்.

வெயில் ஏறியபோது இருவரும் வெளியே வந்தார்கள். மாசானத்துக்கு ஆஸ்பத்திரி நாள்; அன்றும் பால்வேன் வரவில்லை. சாமி முன்சீட்டில் ஏறிக்கொண்டார்; மேலே போய் மாசானத்தைப் பின்சீட்டில் ஏற்றினார்கள். மாசானத்தின் மனைவி பையைக் கீழே வைக்கப் போனாள். ஒழுகும், மடியில் வைத்துக்கொள் என்று கோமதிநாயகம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

சாமியும் இப்போது இல்லை. மாசானம் அதற்கு முன்பே போய்விட்டான், ஆஸ்பத்திரிக் கட்டிலில், மனைவியும் மகளும் பக்கத்தில் இருக்க. கார் இருக்கிறது. அதன் இடது பின்கதவை இன்னும் உள்ளேயிருந்து திறக்க முடியாது. வெளியே நிற்கிறவர்தான் திறந்துவிட வேண்டும்.